சுற்றும் முறையும்: சுழல்மேடை குறித்துச் சில குறிப்புகள்

1

மையம், விளிம்பு என்ற இரண்டு சொற்கள் இல்லாமல் தமிழில் விமர்சனக் கட்டுரை எழுத முடியாது என்கிற நிலை உருவாகி முப்பது வருஷங்களுக்கு மேல் ஆகிறது. மையத்தைத் தகர்ப்பது, விளிம்பிலிருந்து பேசுவது, விளிம்பே மையமாவது என்று நாமும் சளைக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இந்த உருவகத்துக்கு அடியில் கிடக்கும் பொருளை, அதாவது நிஜமான ஒரு சக்கரத்தை, நம்மில் பலர் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. சுற்றுகிற ஒரு தட்டில் நடு ஏறக்குறைய நகர்வதே இல்லை. நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ அவ்வளவு வேகமாகப் போயாக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்றை முடிக்கிறார்கள். ஆனால் ஓரத்தில் இருப்பவன் கடக்கிற தூரம் அதிகம். இது கவிதை இல்லை, பள்ளிக்கூட இயற்பியல்.

இந்தக் கட்டுரை அப்படி ஒரு சக்கரத்தைப் பற்றியது. ஆலைகளில் அதற்குக் 'கரோசல்' என்று பெயர். நான் சுழல்மேடை என்று எழுதுகிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் ஊர் காரைக்கால்மேடு, மீன்பிடிக் கிராமம். கடலுக்குப் போன வீடுகளிலிருந்து பையன்கள் இப்போது ஒப்பந்தக் கூலிகளாக ஆலைகளுக்குப் போகிறார்கள். வலை, பாடு, வாடை, கச்சான் என்று பேசிக்கொண்டிருந்த திண்ணையில் ஷிப்ட், ஓ.டி., கரோசல் என்ற சொற்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒரு சொல் வந்துவிட்டால் அதன் பின்னால் என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பது தமிழ் படித்தவன் வேலைதான்.

2

கரோசல் என்பது பிரெஞ்சு வழியாக வந்த சொல். 1739 முதல் 1954 வரை, இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த சில காலம் தவிர, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு அது ஒருவகையில் உறவுச் சொல். 1662இல் பதினான்காம் லூயி பாரிஸில் துய்லெரி அரண்மனைக்கு முன்னால் குதிரை வீரர்களின் பெரிய அணிவகுப்பு விளையாட்டு ஒன்றை நடத்தினான். அதன் பெயர் கரூசெல். அது நடந்த இடத்துக்கு இன்றும் அதே பெயர்தான். ஈட்டியால் வளையத்தைக் குத்தி எடுப்பது இந்த வகை விளையாட்டில் ஓர் அங்கம். அதைப் பழகுவதற்காக மரக்குதிரைகளைச் சுழலும் கட்டைகளில் பொருத்தினார்கள். பயிற்சிக் கருவி பின்னாளில் சந்தைக் கேளிக்கையானது. நம்மூர்த் திருவிழாக்களில் குடைராட்டினம் என்று நாம் ஏறியது அதன் வாரிசு.

போர்ப் பயிற்சி, கேளிக்கை, பிறகு ஆலை. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஃபூக்கோ 1975இல் வெளிவந்த தன் சிறைச்சாலை நூலில் 'பணிகிற உடல்' பற்றிய பகுதியைச் சிப்பாயிலிருந்து தொடங்குகிறார். உடலைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கால அளவு விதித்து, திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது ராணுவத்திலும் ஆலையிலும் பள்ளிக்கூடத்திலும் ஒன்றுபோல நடக்கிறது என்பது அவர் வாதம். சுழல்மேடை அந்த வாதத்துக்கு இரும்பில் செய்த உதாரணம்.

தமிழில் இதற்கு வேறொரு மூதாதையும் உண்டு: செக்கு. மாடு சுற்றுகிறது, உலக்கை சுற்றுகிறது, எண்ணெய் இறங்குகிறது. எவ்வளவு நடந்தாலும் போய்ச் சேர இடமில்லாத உழைப்பைச் சொல்ல 'செக்குமாடு' என்பதைவிட நல்ல சொல் நம்மிடம் இல்லை. கோவைச் சிறையில் வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்த காலனி அரசு இந்தச் சொல்லின் பொருளைத் தெரிந்தேதான் செய்திருக்க வேண்டும். எண்ணெய் எடுப்பது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால் மாடு போதும்.

3

இனி இயந்திரத்துக்கு வருவோம். நம் எல்லோர் அடுக்களையிலும் இருக்கிற சமையல் எரிவாயு சிலிண்டரையே எடுத்துக்கொள்ளலாம். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ வாயு. அதன் கொள்ளளவு 33.3 லிட்டர். ஆனால் முழுக்க நிரப்புவதில்லை. திரவம் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான் இருக்கும். சூட்டில் விரிய மேலே இடம் விட்டாக வேண்டும். கூடப் போனால் ஆபத்து, குறைந்தால் வாங்குகிறவர்களுக்கு நஷ்டம். அதனால் எடை பார்த்தே நிரப்ப வேண்டும்.

காலி சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. அதைச் சிலிண்டரின் மேல்பகுதி இரும்பிலேயே பொறித்திருப்பார்கள். ஒருவர் அந்த எண்ணைப் பார்த்துப் பதிகிறார். சங்கிலித்தடத்தில் வருகிற சிலிண்டர் சுழல்மேடையில் ஏறுகிறது. மேடையின் ஓரம் முழுக்கத் தராசுகள், ஒவ்வொரு தராசுக்கும் மேலே ஒரு நிரப்புமுனை. 24 முனைகள் கொண்ட மேடை இந்தியாவில் பரவலாக உள்ள வகை. வால்வில் முனை பொருத்தப்படுகிறது. மேடை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க, சிலிண்டர் நிரம்பிக்கொண்டே போகிறது. பொறித்த எடையோடு 14.2 கிலோ சேர்ந்ததும் வாயு தானாக நின்றுவிடும். ஏறிய இடத்துக்குப் பக்கத்திலேயே சிலிண்டர் இறங்குகிறது. பிறகு மறு எடை, கசிவுச் சோதனை, மூடி, முத்திரை, லாரி.

சுற்றுகிற மேடைக்கு வாயு எப்படிப் போகிறது? நடுவிலிருந்துதான். அங்கே ஒரு சுழல் இணைப்பு இருக்கிறது. கீழ்ப்பாதி நிலையானது, மேல்பாதி மேடையோடு சுற்றுவது, இரண்டுக்கும் நடுவே கசியாத அடைப்பு. நகராத இடத்திலிருந்து நகர்கிற எல்லா முனைகளுக்கும் ஒரே நேரத்தில் அழுத்தம் போகிறது. மையம் என்பது வெற்றிடம், கற்பிதம் என்றெல்லாம் எழுதுகிற நண்பர்கள் இந்த இணைப்பை ஒருமுறை பார்க்க வேண்டும். மையம் வெற்றிடம் இல்லை. அங்கே ஒரு குழாய் இருக்கிறது.

ஏன் வட்டம்? நேர்த்தடத்திலேயே செய்யக் கூடாதா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. நிரப்புவதற்குச் சுமார் ஒரு நிமிஷம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். யார் அவசரப்பட்டாலும் அந்தக் குழாயில் அந்த அழுத்தத்தில் அதற்கு அவ்வளவு நேரம் ஆகும். ஒரே ஒரு தராசு இருந்தால் நிமிஷத்துக்கு ஒன்று. அதையே 24 தராசாக்கி வட்டத்தில் வைத்து, ஒன்று ஏறும்போது இன்னொன்று கால் பங்கு, மற்றொன்று அரைப் பங்கு, வேறொன்று முழுக்க நிரம்பி இருக்கும்படி செய்தால்? ஒரு சுற்றுக்கு 80 விநாடி என்று கணக்குப் போடுங்கள். 80 விநாடிக்கு 24 சிலிண்டர். மணிக்கு 45 சுற்று, 1080 சிலிண்டர். நிரப்பும் நேரம் குறையவில்லை. ஆனால் 3.3 விநாடிக்கு ஒன்று வெளியே வருகிறது. வேகத்தைக் கூட்டாமலே வேகம் கூடியிருக்கிறது. மேடையின் குறுக்களவு ஐந்து மீட்டர் என்றால் ஓரம் விநாடிக்கு இருபது சென்டிமீட்டர்தான் நகர்கிறது. பார்க்கிறவனுக்கு ஏதோ சாவகாசமாகச் சுற்றுவது போலத்தான் தெரியும்.

சுழல்மேடை உண்மையில் மடக்கி வைப்பது காத்திருத்தலை. ஒற்றைத் தராசில் நிரப்புகிற ஆள் முனையை மாட்டிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்பான். முதுகை நிமிர்த்துவான், பக்கத்து ஆளிடம் இரண்டு வார்த்தை பேசுவான். அந்த நிமிஷம் இயந்திரத்தினுடையது, அதனாலேயே அவனுடையதும். சுழல்மேடை வந்ததும் அது போய்விட்டது. காத்திருப்பது இப்போது சிலிண்டரின் வேலை. ஆள் காத்திருக்க வேண்டியதில்லை. அவன் முன்னால் 3.3 விநாடிக்கு ஒரு சிலிண்டர் வந்து நிற்காமல் போகிறது. சாப்பாடு, தேநீர் போக ஏழு மணி நேரம் என்றால் 7560 தடவை. வேலைநாளில் இருக்கும் சிறுசிறு துளைகளை இயந்திரம் அடைப்பதாக மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் (1867) விளக்குவது இதைத்தான். வேலை நேரத்தை நீட்டாமலே வேலையைக் கூட்டுவது. எட்டு மணி நேரம் எட்டு மணி நேரமாகவே இருக்கிறது, துளைகள் இல்லை.

முனை பொருத்தும் இடத்தில் நின்ற எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் மார்க்ஸ் படிக்காமலே இதைச் சொன்னான்: "அண்ணே, நாள்பூரா சிலிண்டரு சுத்துது, நான் நிக்கிறேன். ராத்திரி படுத்தா சிலிண்டரு நின்னுடுது, நான் சுத்துறேன்."

4

எல்லாச் சுழல்மேடையும் நிற்காமல் சுற்றுவதில்லை. நின்று நின்று சுற்றுகிற வகை ஒன்று உண்டு. திருப்பூரில் பனியன் துணியில் படம் அச்சிடும் வட்ட இயந்திரங்கள் இந்த வகை. மேடையின் கைகளில் துணி விரிக்கப்படுகிறது. மேலே நிறத்துக்கு ஒரு சட்டகம். மேடை ஒரு படி நகர்ந்து நிற்கும், எல்லாச் சட்டகமும் ஒரே நேரத்தில் இறங்கி அச்சிடும், மறுபடி ஒரு படி. நடுவில் ஓரிடத்தில் சூடு காட்டி ஈரம் உலர்த்துவார்கள்.

நின்று நகர்வதற்குப் பழைய இயந்திர உத்தி ஒன்று இருக்கிறது. நான்கு பிளவுகள் கொண்ட சிலுவை வடிவச் சக்கரம், அதன் பிளவுக்குள் நுழைந்து தள்ளிவிட்டு வெளியேறும் ஒரு முளை. ஜெனீவாக் கடிகாரக்காரர்கள் பயன்படுத்தியதால் ஜெனீவாச் சக்கரம் என்று பெயர். முளையின் ஒரு முழுச்சுற்றில் கால் பங்கு நேரம் சிலுவை நகரும், முக்கால் பங்கு நேரம் அசையாமல் நிற்கும். நம்மூர்க் கொட்டகைகளில் ஃபிலிம் ஓட்டிய காலத்தில் புரொஜெக்டருக்குள் இருந்தது இதுதான். விநாடிக்கு 24 தடவை நின்று நின்று நகர்ந்ததைத்தான் நாம் எம்.ஜி.ஆர். ஓடுகிறார் என்று பார்த்தோம்.

இந்த வகைக்கு ஒரு விதி உண்டு. எந்த இடத்தில் வேலை மெதுவாக நடக்கிறதோ அந்த இடம்தான் மேடை முழுமைக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும். உலர்த்த ஆறு விநாடி தேவை என்றால், இரண்டு விநாடியில் முடிகிற வேலைக்காரனுக்கும் ஆறு விநாடி கிடைக்கும். மெதுவான இடம் மற்றவர்களுக்கு மூச்சுவிட இடம் தருகிறது. முதலாளியின் கண்ணும் அங்கேதான் போகும். உலர்த்தியை இரண்டாக்கு, சூட்டைக் கூட்டு. மெதுவான இடம் ஆளாக இருந்துவிட்டால் ஆளை மாற்று. 'மந்தமானவன்' என்ற பட்டம் இங்கேதான் தயாராகிறது. நேர்த்தடத்தில் ஒருவன் பின்தங்கினால் அவனுக்கு முன்னால் வேலை குவியும். வட்டத்தில் குவிய இடம் இல்லை. ஒருவன் தவறவிட்டது மேடையோடு சுற்றி வந்து எல்லோர் கண்ணிலும் படும். மேற்பார்வையாளன் இல்லாமலே மேற்பார்வை நடக்கிறது.

5

1930இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில், ஒரு பால் பண்ணையில் ரோட்டோலாக்டர் என்ற சுழல்மேடை இயங்கத் தொடங்கியது. ஐம்பது பசுக்கள் மேடையில் ஏறி நிற்கும். பன்னிரண்டரை நிமிஷத்தில் மேடை ஒரு சுற்று முடிவதற்குள் பால் கறந்து முடிந்திருக்கும். பசு இறங்கிப் போகும். 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் இதை வேடிக்கை பார்க்கவே வைத்தார்கள்.

செக்கையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செக்கில் மாடு நடந்தது, தரை நின்றது. இங்கே மாடு நிற்கிறது, தரை நடக்கிறது. மாட்டுக்கு விடுதலை கிடைத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் மேடைக்கு வெளியே மடி கழுவுகிறவனும் குழாய் மாட்டுகிறவனும் அதே இடத்தில் நிற்கிறார்கள். பன்னிரண்டரை நிமிஷத்துக்கு ஐம்பது என்றால் ஒரு பசுவுக்குப் பதினைந்து விநாடி. செக்குமாட்டின் இடத்துக்கு வந்திருப்பது மனிதன். ஒரு வித்தியாசம், அவன் நடக்கக்கூட வேண்டியதில்லை.

எனவே எந்தச் சுழல்மேடையைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம். யார், அல்லது எது, ஏறிச் சுற்றுகிறது? யார் நிற்கிறார்? நிறுத்துகிற கை யாருடையது? குடைராட்டினத்தில் குழந்தை ஏறுகிறது. கையால் தள்ளுகிற ராட்டினமாக இருந்தால் தள்ளுகிறவன் கூடவே ஓடுகிறான். ஆனால் அவன் களைத்தால் ராட்டினம் மெதுவாகும், குழந்தை அழுதால் நிற்கும். அந்த இயந்திரத்துக்குள் ஒரு மனித உடம்பு இருப்பதால் அதன் வேகம் உடம்பின் வேகத்தைத் தாண்டாது. மோட்டார் வந்ததும் இந்த உறவு அறுந்துவிடுகிறது.

6

இதற்கு மாற்று உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் சோழமண்டலக் கரையைக் காட்ட விரும்புகிறேன். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு, படகு வலையை அரைவட்டமாக விரித்து, மறு நுனியைத் தள்ளி வேறோர் இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாகக் கயிறு பிடித்துப் பின்பக்கமாக நடந்து மேட்டுக்கு ஏறுவார்கள். கடைசியில் இருப்பவன் கயிறு சுருட்டும் இடத்துக்கு வந்ததும் பிடியை விட்டு, தண்ணீர் ஓரத்துக்கு நடந்துபோய், முதல் ஆளாகக் கயிற்றைப் பிடிப்பான். அப்புறம் அடுத்தவன். மடி கரைக்கு வரும்வரை இது தொடரும். பாட்டுதான் தாளம்.

இதுவும் ஒரு சுழல்மேடைதான், மனிதர்களால் ஆனது. அங்கே கயிறு நேராக வருகிறது, மனிதர்கள் சுற்றுகிறார்கள். அலையில் நிற்கிற இடம் கஷ்டமான இடம், மேட்டில் இருக்கிற இடம் கொஞ்சம் சுலபம். எல்லோரும் எல்லா இடத்திலும் நின்றாக வேண்டும். கயிற்றை விட்டுத் தண்ணீருக்கு நடக்கிற அந்தச் சில அடிகள் இருக்கிறதே, அது வேலைக்குள்ளேயே இருக்கிற ஓய்வு. யாரும் அதைச் சலுகையாகத் தரவில்லை. வேலை நடக்கிற விதத்திலேயே அது இருக்கிறது.

இதை மரபின் மகத்துவம் என்று கொண்டாட நான் வரவில்லை. வலைக்காரருக்குப் பங்கு அதிகம். சாதிக்குள், ஆண்களுக்குள் நடக்கிற சமத்துவம் இது. விற்கப் போகிற பெண்கள் சுமக்கிற கூடைக்கு மாற்று ஆள் கிடையாது. விசைப்படகில் வின்ச் வந்த பிறகு கயிறு இழுக்க அத்தனை கைகளும் தேவைப்படவில்லை. அந்தக் கைகளில் சிலவற்றின் பிள்ளைகள்தான் இன்று சுழல்மேடை முன்னால் நிற்கிறார்கள். நான் எடுத்துக்கொள்வது கரைவலையில் உள்ள ஒரே ஒரு விஷயத்தை: முறை.

தமிழில் 'முறை' எத்தனை பொருளில் வருகிறது பாருங்கள். தடவை, வரிசை, உறவு, ஒழுங்கு, நீதி. 'இப்ப என் முறை' என்று சொல்லும்போதும், பழைய இலக்கியத்தில் அரசன் முறை செய்தான் எனும்போதும் ஒரே சொல்தான். ஒவ்வொருவருக்கும் தன் தடவை கிடைப்பதையும் நீதியையும் இந்த மொழி பிரித்துப் பார்க்கவில்லை. முறை கிடைக்காதவன் செய்வதற்குப் பெயர் முறையிடுவது. சுழல்மேடையில் பொருளுக்கு முறை இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே தூரம், ஒரே நேரம், ஒரே அளவு, துல்லியமான சமத்துவம். மனிதனுக்குச் சுற்று மட்டும் உண்டு, முறை இல்லை. ஒரே இடத்தில் நின்று ஒரே தோளால் ஒரே அசைவு, அடுத்த நாளும் அதுவே.

7

இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. வாயு நிரப்புவது போன்ற ஆபத்தான வேலையை இயந்திரம் செய்வதே நல்லது. முனையைத் தானே பொருத்திக்கொள்ளும் மேடைகள் வந்துவிட்டன. அங்கே ஆள் குறைகிறது, கேள்வி வேலையிழப்புக்கு நகர்கிறது. ஆனால் ஆள் நிற்கிற இடங்களில் இரண்டு விஷயங்கள் சாத்தியம் என்பதை இயந்திரத்தின் தர்க்கமே சொல்கிறது.

ஒன்று, இடம் மாறுவது. எடை எண் படிப்பவர், முனை பொருத்துபவர், கசிவு பார்ப்பவர், முத்திரையிடுபவர் என்று நான்கு பேர் இருந்தால் மணிக்கு ஒருமுறை இடம் மாறலாம். நால்வருக்கும் நாலு வேலையும் கற்றுத்தர வேண்டும், அவ்வளவுதான். மேடை ஒரு விநாடிகூட நிற்க வேண்டாம். ஸ்வீடனில் வோல்வோ நிறுவனம் 1974இல் கல்மாரிலும் 1989இல் உத்தேவாலாவிலும் இன்னும் மேலே போய்த் தடத்தையே கலைத்துச் சிறு குழுக்களிடம் வேலையைக் கொடுத்துப் பார்த்தது. விற்பனை சரிந்தபோது முதலில் மூடப்பட்டவையும் இவைதான் (உத்தேவாலா 1993, கல்மார் 1994). ஆனால் அப்படிக் கார் செய்ய முடியாது என்று அதன் பிறகு யாரும் சொல்ல முடியாது. ஒப்பந்தக் கூலி முறையில் இது ஏன் நடப்பதில்லை? எல்லா வேலையும் தெரிந்தவனை எளிதில் மாற்ற முடியாது. ஒரே அசைவு தெரிந்தவனை நாளைக் காலையிலேயே மாற்றலாம்.

இரண்டு, நிறுத்துவது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 24ஆம் பிரிவில், ஓடுகிற இயந்திரத்தின் விசையை அவசரத்தில் துண்டிக்கும் சாதனம் ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. வாயு நிரப்பும் கூடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புப் பொத்தான் உண்டு. வாயு கசிந்தால் யாரும் அழுத்தலாம், அழுத்தியாக வேண்டும். டொயோட்டா ஆலைகளில் பொருளில் குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்துத் தடத்தையே நிறுத்தலாம் என்பதை நிர்வாகவியல் புத்தகங்கள் பெருமையாகச் சொல்கின்றன. ஆக, ஒரு தொழிலாளி எல்லாவற்றையும் நிறுத்துவது முடியாத காரியம் அல்ல. வாயுவுக்காக நிறுத்தலாம், பொருளுக்காக நிறுத்தலாம். தோள்பட்டைக்காக நிறுத்த முடியாது. பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துவதற்கான காரணங்களின் பட்டியலில் உடம்பு இல்லை.

வட்டத்தின் பலவீனமும் இதுவே. எல்லாம் ஒரே அச்சில் கோக்கப்பட்டிருப்பதால் ஓரிடத்தில் நின்றால் எல்லாம் நிற்கும். ஓரத்தில் நிற்கிறவன் கையில் இவ்வளவு பலம் இருப்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அவனுக்குத் தெரிவதில்லை, நமக்கும் தெரிவதில்லை. நம் துண்டறிக்கைகள் கூலியையும் நிரந்தரத்தையும் கேட்கின்றன. கேட்கத்தான் வேண்டும். ஆனால் வேகத்தைப் பற்றி ஒரு வரிகூட அவற்றில் இருப்பதில்லை. இனி ஆலை வாசலுக்குப் போகிற தோழர்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு இதையும் கேட்க வேண்டும்: ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி? போன வருஷம் எத்தனை? அதைக் குறைத்தது யார், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு? விடை எண்ணாகத்தான் வரும். அந்த எண்ணிலிருந்து பேச்சுவார்த்தையைத் தொடங்கலாம்.